யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பிரிட்டிஷ் காமெடிகளும் நாஞ்சில் நாட்டுக் கலைவாணரும்

ஆபீஸ் முடிஞ்சு வந்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, யூடியூபில் பழைய பிரிட்டிஷ் டி.வி. காமெடிகளை ஓடவிடும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படின்னா 'ஃபால்டி டவர்ஸ்', 'யெஸ் மினிஸ்டர்', 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' மூன்றையும் பார்த்திருப்பீங்க. மூன்றும் சிரிக்க வைக்கும். ஆனால் மூன்றிலும் அடி விழும் முதுகு ஒன்றல்ல.

1980இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' கேலி செய்வது அமைச்சரையும் அவரைச் சுழல விடும் தலைமை அதிகாரியையும். அதாவது அதிகாரத்தை. 1975இலும் 1979இலும் வந்த 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுதான். அதில் ஹோட்டல் முதலாளி பேசில், இங்கிலீஷ் சரியாக வராத ஸ்பெயின்காரச் சர்வர் மானுவலைத் திட்டுவார், தலையில் தட்டுவார். ஆனாலும் எபிசோடு முடியும்போது முட்டாளாகி நிற்பது பெரும்பாலும் முதலாளிதான். 1977இல் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வேற கதை. லண்டனில் இங்கிலீஷ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாயைத் திறந்தாலே ஜோக். இந்தியாவிலும் அதற்கு ஏக வரவேற்பு. ஆனால் இனத்தை வைத்துக் கிண்டல் செய்வது புண்படுத்துகிறது என்று அதை ஒளிபரப்பிய சேனலின் நிர்வாகத்திலேயே கருத்து எழுந்து, தொடர் நிறுத்தப்பட்டது.

என் கணக்கில் முதல் இரண்டும் இன்னும் பழசாகவில்லை. மூன்றாவதைப் பார்க்கும்போது பாதியிலேயே கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கு. காரணம், அங்கே சிரிப்பு விழுவது உச்சரிப்பு மேல். உச்சரிப்பை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதில்லையே.

இந்த வித்தியாசத்தை, டி.வி. வருவதற்கு முன்பே, தமிழ் சினிமாவில் தொழிலாகச் செய்து காட்டிய ஒருவர் இருந்தார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் வாழ்க்கையை, அவர் பிறந்த தென்திருவிதாங்கூரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சில விஷயங்கள் புதிதாகத் தெரியும்.

பேச்சே ஜோக்காகும் ஊர்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் களியக்காவிளை தாண்டினால் கேரளம். முதலில் பாறசாலை, அப்புறம் நெய்யாற்றின்கரை. கோடு மேப்பில்தான் இருக்கு, பேச்சில் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கத் தமிழில் மலையாளம் கேட்கும். அந்தப் பக்க மலையாளத்தில் தமிழ் கேட்கும். ரெண்டு பக்கமும் சொந்தம், ரெண்டு பக்கமும் சந்தை.

அதனால் ரெண்டு பக்கமும் கிண்டலும் உண்டு. சென்னை ஆபீஸில் ஒரு குமரி மாவட்டப் பையன் பேசினால், நீ மலையாளியா என்பதுதான் முதல் கேள்வி. பாறசாலைப் பெண் கொச்சியில் வேலைக்குப் போனால், அவள் மலையாளத்தைக் கேட்டு உதட்டோரம் சிரிப்பார்கள். மலையாள சினிமாவில் திருவனந்தபுரத்துப் பேச்சு ரொம்ப நாளாகவே காமெடிச் சரக்கு. 2005இல் வந்த 'ராஜமாணிக்கம்' படத்தில் மம்மூட்டி பேசிய அந்த வட்டார வழக்கு பெரிய ஹிட். தமிழ் சினிமாவில் நாகர்கோவில் பேச்சுக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதைதான்.

இந்தப் பேச்சுப் பரப்பிலிருந்து போனவர்தான் தமிழ் சினிமாவின் முதல் பெரிய நகைச்சுவை நட்சத்திரம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஒழுகினசேரியில் ஆரம்பம்

கிருஷ்ணன் பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சுடலையாண்டிப் பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். சுடலைமாடனும் இசக்கியும் அந்த மண்ணின் நாட்டார் தெய்வங்கள். கோயில் கொடைகளில் இவர்கள் கதையைப் பாடுவதுதான் வில்லுப்பாட்டு. வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கூடவே ஆமாம் போட ஒரு பின்பாட்டுக்காரர். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இதே கலைக்குப் பெயர் வில்லடிச்சான்பாட்டு. எல்லைக்கோடு இந்தக் கலையை வெட்டவே இல்லை.

வீட்டில் வறுமை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், மளிகைக் கடையில் வேலை பார்த்தார், சாயங்காலம் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்றுக்கொண்டே நாடகம் பார்த்ததுதான் அவருக்கு நிஜமான பள்ளிக்கூடம். வில்லுப்பாட்டும் பாடிப் பழகினார். பிற்காலத்தில் அந்தக் கலையை மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரிது.

வில்லுப்பாட்டு நகைச்சுவைக்கு ஏன் நல்ல பயிற்சி? அதில் பாடுபவர் கதையை நிறுத்திவிட்டு ஊர் நடப்பைப் பேசலாம், பின்பாட்டுக்காரர் குறுக்கே கேள்வி கேட்கலாம், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரையே லேசாகச் சீண்டலாம். எல்லாரும் சிரிப்பார்கள், சீண்டப்பட்டவரும் சேர்த்து. அவரும் சிரிக்கவில்லை என்றால் பாட்டுக்காரர் தோற்றார் என்று அர்த்தம்.

திருவனந்தபுரத்தைப் பெயரில் வைத்த கம்பெனி

1920களில் அவர் சேர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்களின் பாய்ஸ் கம்பெனி. டி.கே.எஸ். என்ற எழுத்துகளில் 'டி' எதைக் குறிக்கிறது தெரியுமா? திருவனந்தபுரம். அந்தச் சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை, 'கே' அவர். தமிழ் நாடகத்தின் மிக முக்கியமான குழு, இன்றைய கேரளத் தலைநகரைத் தன் இனிஷியலில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது. நாகர்கோவில்–நெய்யாற்றின்கரை–திருவனந்தபுரம் என்பது அப்போது ஒரே கலைப் பாதை.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை லேசானதல்ல. சின்ன வயதுப் பையன்கள், ஓயாத பயணம், கிடைத்த வேடத்தைப் போட வேண்டும். கிருஷ்ணன் அங்கே நடிப்போடு பாட்டு, தாளம், சீன் அமைப்பது எல்லாவற்றையும் கற்றார்.

சினிமாவுக்கு அவர் வந்த காலம் தமிழ்ப் பேசும்படத்தின் குழந்தைப் பருவம். டி.கே.எஸ். குழு நடித்த 'மேனகா' 1935இல் வெளியானது. அடுத்த ஆண்டு, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான் அறிமுகப் படம். எம்.ஜி.ஆர். கடைசிவரை கிருஷ்ணனைத் தனக்கு வழிகாட்டியாகவே மதித்தார்.

மதுரம் இல்லாமல் பாதிதான்

'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனா போனபோது டி.ஏ.மதுரம் அறிமுகமானார். இருவரும் மணந்துகொண்டார்கள். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே நாகம்மையுடன் திருமணமாகியிருந்தது. பின்னாளில் மதுரத்தின் தங்கை வேம்புவையும் மணந்தார். திரையில் சீர்திருத்தம் பேசியவரின் வீட்டு வாழ்க்கை இப்படித்தான் இருந்தது. இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

திரையில் இந்த ஜோடி செய்தது தனி ரகம். படத்தின் மெயின் கதை ஒரு பக்கம் ஓடும். இவர்கள் காமெடியை இவர்களே எழுதி, தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். இவர்கள் பகுதி இருந்தால் படம் விலைபோகும் என்ற நிலை வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், சொந்த எழுத்தாளர் குழுவோடு இயங்கிய ஒரு காமெடி யூனிட்.

முக்கியமான விஷயம், மதுரம் அடி வாங்கும் பொம்மையாக வரவில்லை. எதிர்க்கேள்வி கேட்பார், பதிலுக்கு மடக்குவார், பல இடங்களில் புத்திசாலி அவர்தான். அசடு வழிவது கிருஷ்ணன். தமிழ்க் காமெடியில் பிற்பாடு பல பத்தாண்டுகள் மனைவியைத் திட்டுவதும் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்வதும் நகைச்சுவையாக ஓடியதை நினைத்தால், 1940களிலேயே அதற்கு வேறு வழி இருந்தது என்பது உறைக்கும்.

கிந்தனார்: கேலி போய்ச் சேரும் இடம்

அவர் பாணியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு உதாரணம் போதும். கிந்தனார் காலட்சேபம்.

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நந்தன், சிதம்பரம் போய் இறைவனைப் பார்க்க ஏங்குகிறார். கடைசியில் நெருப்பில் இறங்கிய பிறகுதான் அனுமதி. கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரம் காலட்சேபமாக ஊரெங்கும் பாடப்பட்டது. கிருஷ்ணன் அதே காலட்சேப வடிவத்தை, அதே பாவனைகளை எடுத்துக்கொண்டார். கதையை மட்டும் மாற்றினார். கிந்தன் ஏங்குவது கோயிலுக்காக அல்ல, பள்ளிக்கூடத்துக்காக. ஊரில் இடம் கிடைக்காமல் பட்டணம் போய்ப் படிக்கிறான். கல்வித்துறை அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவனை விரட்டிய ஊர் இப்போது அவனை வரவேற்க வேண்டும்.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. யாரைப் பார்த்து? கிந்தனைப் பார்த்து அல்ல. அவனைத் தள்ளி வைத்தவர்களைப் பார்த்து. ஆனால் அந்தத் தள்ளி வைத்தவர்களும் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். கொடையில் முன்வரிசைப் பெரிய மனிதரைச் சீண்டும் அதே வில்லுப்பாட்டு டெக்னிக்தான் இது. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வகுப்பறையில் படிக்க வந்தவர் ஜோக். கிந்தனாரில் படிக்க விடாதவர் ஜோக்.

லண்டன் வரை போன வழக்கு

1944 நவம்பர் 8. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த பத்திரிகையாளர் சி.என்.லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அன்றைய சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் சதியில் பங்கு என்ற குற்றச்சாட்டில் டிசம்பரில் கைது செய்யப்பட்டார்கள். கூடவே கைதான தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். 1945இல் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் நடித்த 'ஹரிதாஸ்' வெளியே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது, அவர்கள் உள்ளே.

சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி வாசல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். வழக்கு அங்கே போனது. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லி அது திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் போனது.

அந்த இடைவெளியில் அவர் நாடகக் குழுவைக் கலையாமல் பிடித்து வைத்தவர்கள் மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும். வழக்குச் செலவு, கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் 'பைத்தியக்காரன்' என்ற படத்தை எடுத்தார்கள். விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் சேர்ந்துகொள்ள, 1947இல் படம் வெளிவந்தது. கலைவாணர் என்ற பட்டம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். கொடுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார்.

பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணனால் முடிந்தது. காரணம் அதிர்ஷ்டம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாகவதர் ரசிகர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த நாயகன். ஒருமுறை கீழே இறக்கப்பட்டால் ஏறுவது கஷ்டம். கிருஷ்ணன் எப்போதும் ஜனங்களோடு தரையில் நின்றவர். தன்னையே கேலி செய்து பழகியவரை ஒரு தீர்ப்பால் அவமானப்படுத்துவது அவ்வளவு சுலபமில்லை.

எல்லாருக்கும் நண்பர்

திரும்பி வந்த பிறகான ஆண்டுகள் வேகமானவை. 1949இல் 'நல்லதம்பி'; சி.என்.அண்ணாதுரை வசனம் எழுத, 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. திடீரென்று சொத்துக்கு வாரிசாகும் ஒரு நல்ல மனிதன் அதைப் பிறருக்காகச் செலவிட நினைக்கும் கதை. கிருஷ்ணனின் சொந்த வாழ்க்கைக்கும் அது பொருந்தும். கேட்டவருக்குக் கொடுத்தே பழகிய கை அது. 1951இல் அவர் இயக்கிய 'மணமகள்' பத்மினியைக் கதாநாயகியாக நிறுத்தியது. பத்மினி திருவனந்தபுரத்துப் பெண். மறுபடி அதே பாதை. 1952இல் சிவாஜி நடித்த 'பணம்'.

நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பியவர் அவர். திராவிட இயக்கத்தவர்களின் நெருங்கிய தோழரும் அவர்தான். பக்கத்துப் பூதப்பாண்டிக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவுக்கும் நண்பர். இன்றைக்கு இந்த மூன்று பக்கமும் ஒருவரே நின்றால், மூன்று பக்கத்து ட்ரோல்களும் அவரை விட்டுவைக்காது.

கடைசிப் பத்து மாதங்கள்

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் தங்கியது. அதற்கு முன் தமிழ்ப் பகுதிகளை இணைக்கும் போராட்டத்தில் 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. விளையாட்டாக வந்த கோடு அல்ல அது.

கலைவாணர் இறந்தது 1957 ஆகஸ்ட் 30. வயது 48. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தமிழகத்தின் அடையாளமாக நாம் கொண்டாடும் இந்த மனிதரின் சொந்த ஊர், அவர் வாழ்நாளில் வெறும் பத்து மாதங்கள்தான் தமிழ் மாநிலத்தில் இருந்தது. மீதி முழுக்க அவர் திருவிதாங்கூர்க்காரர். எல்லையில் பேசும் கலப்புத் தமிழைக் கேட்டு, இது தமிழே இல்லை என்று சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தப் பத்து மாதத்துக்குள் நடந்ததாக ஒரு சம்பவம் இன்றும் சொல்லப்படுகிறது. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். எதிர் வேட்பாளர் ஊரில் நல்ல பெயரெடுத்த டாக்டர். அண்ணாவுக்கு ஓட்டுக் கேட்க வந்த கலைவாணர், மேடையேறி அந்த டாக்டரைப் புகழ்ந்தார், புகழ்ந்தார், புகழ்ந்துகொண்டே இருந்தார். அண்ணாவின் ஆட்களுக்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்: இவ்வளவு நல்ல டாக்டரை அசெம்பிளிக்கு அனுப்பிவிட்டால், உடம்புக்கு முடியாதபோது நீங்கள் யாரிடம் போவீர்கள்? அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார். எதிராளிக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் ஓட்டு போய்விட்டது. 'யெஸ் மினிஸ்டர்' எழுதியவர்கள் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

இப்போது பார்த்தால் எப்படி இருக்கும்?

நேர்மையாகச் சொல்லணும்னா, எல்லாமே இன்றைக்கு எடுபடாது. வேகம் குறைவு. சில இடங்களில் அறிவுரை நகைச்சுவையை முந்திக்கொண்டு வரும். மதுவிலக்கு, விஞ்ஞானம், சிக்கனம் என்று பாட்டுக்குப் பாட்டு பாடம் இருக்கும். 'ஃபால்டி டவர்ஸ்' போல அரை மணி நேரத்தில் இறுக்கிக் கட்டிய கதை அமைப்பை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அவரை இந்தியாவின் சார்லி சாப்ளின் என்று அழைப்பதும் பாதி உண்மைதான். வறுமையிலிருந்து வந்தது, ஏழை பக்கம் நின்றது வரை சரி. சாப்ளின் உடம்பால் பேசினார். கிருஷ்ணன் வாயாலும் பாட்டாலும் பேசினார். அவருக்கு அண்ணன் லண்டனில் இல்லை, நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு மேடையில்தான்.

பார்க்க நினைத்தால் 'நல்லதம்பி'யில் தொடங்கலாம், கிந்தனாரும் அதில்தான். அடுத்து, 1956இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளை அவர் ஒவ்வொன்றாகச் சிரித்தே காட்டும் பாட்டு. மாதிரிக்கு இந்த இரண்டும் போதும்.

அவர் சிலையைச் சென்னை தியாகராய நகரில் 1969 ஜனவரி 14 அன்று முதல்வர் அண்ணா திறந்து வைத்தார். மூன்று வாரத்துக்குள் அண்ணாவும் போய்விட்டார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், இடைவெளி விட்டு உட்கார வேண்டி தமிழ்நாடு சட்டமன்றம் அங்கே கூடியது. ஒரு நகைச்சுவைக்காரர் பெயர் வைத்த கூரையின் கீழ் அமைச்சர்களும் அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த தடவை ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது ஒருத்தரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பு வந்தால், அவர் பாறசாலைக்காரரோ, தூத்துக்குடிக்காரரோ, பீகார்க்காரரோ, ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அந்த ஜோக்கில் அவரும் சேர்ந்து சிரிக்க முடியுமா? நாலாம் வகுப்பு படித்த ஒழுகினசேரிக்காரர் தன் காமெடிக்கு வைத்துக்கொண்ட சோதனை ஏறக்குறைய அதுதான்.